இறங்கத் தெரியாமல் ஆபீஸ் போனேன்

எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும். இறங்கத்தான் தெரியாது. இதை இப்போது சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. தலை நரைத்து, பாதிப் பல் விழுந்து, இனிமேல் எவனும் என்னை வேலையை விட்டு எடுக்க முடியாது என்ற தைரியத்தில் சொல்கிறேன். ஆனால் எழுபதுகளின் தொடக்கத்தில், மந்தைவெளியிலிருந்து தியாகராய நகருக்குத் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, இது ஆபீசில் தெரிந்துவிடக் கூடாதே என்று நான் பயந்த பயம் கொஞ்சநஞ்சமல்ல.

எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தவன் எதிர்வீட்டு ரமணி. வாடகை சைக்கிளில் என்னைத் தூக்கி உட்காரவைத்து, பின்னால் பிடித்துக்கொண்டே ஓடிவருவான். ஓட்ட வந்துவிட்டது. ஏறுவதும் இறங்குவதும் அடுத்த வாரம் என்றான். அடுத்த வாரம் அவனுக்கு வடக்கே வேலை கிடைத்து ரயிலேறிவிட்டான். (ரயிலில் ஏறவும் இறங்கவும் அவனுக்குத் தெரிந்திருந்தது. கெட்டிக்காரன்.)

அப்பாவுக்குத் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். கடையில் கூட வேலை பார்த்த ஒருவரின் பழைய சைக்கிளை எனக்கு வாங்கிக்கொடுத்தார். அந்த மனிதர் பனைமரம் மாதிரி இருப்பார். வண்டியும் அவர் அளவுக்கே இருந்தது. சீட்டில் உட்கார்ந்து காலை நீட்டினால் என் கட்டைவிரல்கூடத் தரையைத் தொடாது. மற்றவர்கள் ஓடுகிற வண்டியிலேயே வலது காலைப் பின்பக்கமாகத் தூக்கி, இடது பெடலில் ஒரு கணம் நின்று, ஒய்யாரமாகக் குதிப்பார்கள். நானும் ஒருதரம் அப்படிச் செய்து பார்த்தேன். கால் தூக்கியது வரைக்கும் ஞாபகமிருக்கிறது.

ஆகவே எனக்கு எங்கே நின்றாலும் காலை ஊன்ற ஒரு மேடை வேண்டும். வீட்டு வாசற்படியில் காலை வைத்து ஏறுவேன். ஆபீஸ் வாசலில் தண்ணீர்க் குழாயடிச் சிமெண்டு மேடையில் காலை வைத்து இறங்குவேன். வழியில் எங்கெங்கே கல், எங்கெங்கே திட்டு, எந்த வீட்டு காம்பவுண்டுச் சுவர் கைக்கு எட்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒன்றும் கிடைக்காத இடத்தில் விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொள்வேன். லஸ் சர்ச் ரோடில் ஒரு கம்பத்தை நான் கட்டிக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்து, ஒரு அம்மாள் தன் பெண் குழந்தையை மறுபக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

காலையில் கிளம்பும்போதே பயம் தொடங்கிவிடும். அம்மா என் நெற்றியில் பூசிய விபூதியில் மிச்சத்தை வண்டியின் மட்கார்டிலும் பூசி, "பாத்துப் போல, அவசரப்படாத" என்பாள். அவசரமா? நின்றால்தானே எனக்கு ஆபத்து. எருமை குறுக்கே வந்தால் பயம், நாய் துரத்தினால் பயம், பின்னால் பஸ் ஹாரன் அடித்தால் உயிரே போய்விடும். எல்லாவற்றுக்கும் மேல் தேனாம்பேட்டை. எல்டாம்ஸ் ரோடு முடிந்து மவுண்ட் ரோடைக் குறுக்கே கடக்க வேண்டிய இடம். நடு ரோட்டில் ஒரு வட்ட மேடை, மேடைமேல் ஒரு குடை, குடைக்கடியில் அரை டிராயர் போட்ட போலீஸ்காரர். அவர் கையைக் காட்டினால் ஊரே நிற்கும், என்னால் மட்டும் நிற்க முடியாது. அதனால் தூரத்திலேயே அவர் கையைப் பார்த்துக்கொள்வேன். நிறுத்தும் கை என்றால் பக்கத்துச் சந்தில் திரும்பி, ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு மறுபடியும் வந்து பார்ப்பேன். அவர் கை எனக்காக இரங்கும்வரை அந்தச் சந்துக்காரர்கள் என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

எங்கள் கம்பெனி பம்ப் செட் விற்கும் கம்பெனி, பனகல் பார்க் பக்கத்தில். என் வேலை பேங்குக்கும் தபாலாபீசுக்கும் கடைகளுக்கும் போய் வருவது. இன்டர்வியூவில் கேட்டதே ஒரு கேள்விதான்: சைக்கிள் ஓட்டத் தெரியுமா? தெரியும் சார் என்றேன். இறங்கத் தெரியுமா என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வேலை கிடைத்த பிறகு ஆபீஸ் வாசலில் கம்பீரமாக ஏறிப் புறப்படுவேன். தெருமுனை திரும்பியதும் அங்கிருந்த ஒரு கல்லில் இறங்கி, மிச்ச தூரமெல்லாம் தள்ளிக்கொண்டே போய்வருவேன். வண்டியை ஆபீசில் விட்டுவிட்டுப் போயிருந்தால் சீக்கிரம் திரும்பியிருப்பேன்.

இப்படியாக என் புரொபேஷன் முடியும் நாள் நெருங்கியது. என்னை நிரந்தரம் செய்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று எழுத வேண்டியவர் எங்கள் சூப்பரின்டெண்ட் கோதண்டராமன். நல்ல ஆகிருதி, பளிச்சென்று திருமண், அதிராத குரல். அந்த அதிராத குரலுக்குத்தான் ஆபீசே அதிரும். அப்பா அந்த வாரம் முழுக்க ராத்திரி சாப்பிடும்போது, "என்னல, எழுதிட்டாரா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். தங்கையின் காலேஜ் படிப்பு என் வேலையை நம்பித்தான் இருந்தது.

அந்த வாரத்தில் ஒருநாள் மதியம் ஏதோ தகராறில் ஊரில் பஸ்கள் நின்றுபோயின. சாயங்காலம் கோதண்டராமன் என்னைக் கூப்பிட்டார். வேலை விஷயம்தான் என்று நினைத்து, சட்டைக் காலர் பித்தானைப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

"பரமசிவம், நீ மந்தைவெளிதானே?"

"ஆமா சார்."

"இன்னிக்குப் பஸ் இல்லே. ஆட்டோ ஒண்ணும் அகப்படலே. என்னை மயிலாப்பூர்ல ஆத்துல கொண்டு விட்டுடு. பொண்ணைப் பார்க்க வரா. மாப்பிள்ளையோட அப்பா எழும்பூர்க் கோர்ட்டுல சிரஸ்தார், கேஸ் கட்டெல்லாம் அவர் கை வழியாத்தான் போகும். நேரம் தவறினா அவருக்குப் பிடிக்காதாம்."

"சார், டபுள்ஸ் போனா போலீஸ் பிடிப்பாங்க" என்றேன். அன்றைக்கு சைக்கிளில் இரண்டு பேர் போவது குற்றம். பிடித்தால் கேஸ், கேஸ் என்றால் கோர்ட்.

"போலீஸ்காரன் நிக்கற எடத்துல எல்லாரும் பண்றதைப் பண்ணுவோம். நான் முன்னாடியே எறங்கிடறேன், யாரோ மாதிரி நடந்து வரேன். நீ தாண்டிப் போய் நில்லு, மறுபடி ஏறிக்கறேன்."

'நில்லு' என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். எனக்கு நிற்க வராது சார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், சைக்கிளில் போகவேண்டிய வேலைக்கு இறங்கத் தெரியாதவன் எதற்கு என்று கேட்பார். மவுண்ட் ரோடைத் தாண்டியதும் எல்டாம்ஸ் ரோடு முனையில் ஒரு கடைப்படி இருப்பதை நினைத்துக்கொண்டேன். அந்தப் படியை நம்பி, "சரிங்க சார்" என்றேன்.

அவர் கையில் ஒரு குடை, ஒரு துணிப்பை. பையில் வெற்றிலை பாக்கு, பழம், பூ. கூடவே செய்தித்தாளில் சுருட்டிய ஒரு பொட்டலம். "பொண்ணு கட்டிக்கப் போற பட்டுப் புடவைக்கு ஜாக்கெட். இந்தத் தையக்காரன் ஒரு மாசமா இழுத்தடிச்சு இன்னிக்குத்தான் குடுத்தான். பத்திரம்" என்று சொல்லி, பையை என் ஹாண்டில்பாரில் மாட்டினார்.

நான் குழாயடி மேடையிலிருந்து ஏறி வண்டியை உருட்டினேன். அந்த ஆகிருதி எப்படி ஏறப்போகிறது என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். அவரோ நாலெட்டு ஓடிவந்து, ஒரு பக்கமாகக் காரியரில் பூ மாதிரி உட்கார்ந்தார். பூ உட்கார்ந்தது, வண்டிதான் முனகியது. முன் சக்கரம் தரையில் இருக்கிறதா என்றே எனக்குச் சந்தேகமாகிவிட்டது. பாண்டி பஜார் நெடுக நான் மணியை விடாமல் அடித்தேன். ஒரு வளையல் கடைக்காரர் தன் சாமானையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டார். "ஏன்டாப்பா இப்படி நெளியறே, நேரா போயேன்" என்றார் பின்னாலிருந்து. நேராகப் போவதற்குத்தான் சார் நெளிகிறேன் என்று சொல்ல எனக்கு மூச்சு இல்லை.

தேனாம்பேட்டை வந்தது. குடை தெரிந்தது. கோதண்டராமன் சொன்னபடியே குதித்து இறங்கி, தன் குடையை விரித்துக்கொண்டு பராக்குப் பார்த்தபடி நடக்க ஆரம்பித்தார். பாரம் இறங்கியதும் வண்டி அம்பு மாதிரி பாய்ந்தது. போலீஸ்காரர் கை எங்களுக்கு வழிவிட்டுத்தான் இருந்தது. நான் மவுண்ட் ரோடுக்குள் நுழைந்த நேரம் பார்த்து அந்தக் கை சட்டென்று திரும்பி என்னை நிறுத்தியது.

பக்கத்துச் சந்து பின்னால் போய்விட்டது. கடைப்படி எதிர்க்கரையில் இருந்தது. இடது பக்கமிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி வந்தது, வலது பக்கமிருந்து இன்னொரு லாரி. இன்றோடு சரி, அப்பாவுக்கு யார் போய்ச் சொல்வார்கள் என்றெல்லாம் தோன்றியது. அந்த மகா சமுத்திரத்தில் காலை ஊன்ற ஒரே ஒரு மேடைதான் இருந்தது. அதன் மேல் போலீஸ்காரர் நின்றுகொண்டிருந்தார்.

வேறு வழி இல்லை. நேராக அவரிடமே போனேன். இடது காலை அவருடைய பூட்ஸுக்குப் பக்கத்தில் ஊன்றி, ஒரு கையால் குடைக்கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வண்டி நின்றது. மவுண்ட் ரோடும் நின்றது.

போலீஸ்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா நைனா, மேடைல ஏறிக்கினே? நீ டிராபிக் பாத்துக்கிறியா, நான் வூட்டுக்குப் போவட்டா?"

"டபுள்ஸ் எல்லாம் யாரும் வரல சார்" என்றேன்.

"டபுள்ஸா? நான் எங்கப்பா டபுள்ஸைப் பத்திக் கேட்டேன்?"

பயந்தவன் வாய்க்குப் பூட்டுக் கிடையாது. அவர் தலையை நிமிர்த்திச் சுற்றிலும் பார்த்தார். ரோட்டோரத்தில் கோதண்டராமன் குடையோடு அசையாமல் நின்றிருந்தார்.

"சாமி, இந்த ஆளு உங்களோட வந்தவனா?"

"யாரு, இவனா?" என்றார் எங்கள் சூப்பரின்டெண்ட், அதே அதிராத குரலில். "நேக்குத் தெரியாது. யாரோ."

அதுதான் அந்தக் கால வழக்கம், போலீஸ்காரன் முன்னால் டபுள்ஸ் வந்த இருவரும் அன்னியர்கள். எனக்கும் அது தெரியும். ஆனாலும் வலித்தது. தினமும் காலையில் "குட்மார்னிங் சார்" என்று கும்பிட்ட கையால் குடைக்கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன், அவர் என்னை யாரோ என்கிறார். அழுதிருப்பேன், ஆனால் அதற்கும் பயமாக இருந்தது.

போலீஸ்காரர் பையைத் தொட்டார். "இது உன்னுதா?"

"ஆமா சார். இல்ல சார்."

உள்ளே கையை விட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். அரக்குக் கரை வைத்த ராமர் பச்சை ஜாக்கெட். மவுண்ட் ரோடு நடுவில் அதை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். லாரியிலிருந்து விசில் பறந்தது.

"உன் சம்சாரத்துதா?"

"கல்யாணம் ஆகல சார்."

"ஆவலியா? அப்ப எந்த வூட்டுக் கொடிலேந்து உருவிக்கினு வந்தே?"

"இல்ல சார். இது எங்க சூப்பரின்டெண்ட் பொண்ணு ஜாக்கெட் சார்."

சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது. போலீஸ்காரர் முகம் மாறியது. "சூப்பரின்டெண்ட் பொண்ணு ஜாக்கெட்டு உன் கைல இன்னாத்துக்குக் கீது? வண்டிய ஓரங்கட்டு. வா, ஸ்டேஷனாண்ட போய்ப் பேசிக்கலாம்."

வேலை போனது மட்டுமில்லை, ஜாக்கெட் திருடன் என்ற பட்டத்தோடு மந்தைவெளிக்குள் நுழைவதை நினைத்துப் பார்த்தேன். அப்போது ரோட்டோரத்துக் குடை மடங்கியது. கோதண்டராமன் இரண்டு லாரிகளுக்கு நடுவே புகுந்து வந்தார். அவர் நெற்றியிலிருந்து வழிந்த வியர்வையில் திருமண் கரைந்திருந்தது.

"அது என் பொண்ணோடதுதான். இவன் எங்க ஆபீஸ் பையன். விட்டுடுங்கோ."

"இப்பதான யாரோன்னு சொன்னீங்கோ?"

"வெயில்ல சரியாத் தெரியலே" என்றார். அந்த அதிராத குரல் அதிர்ந்ததை அன்றுதான் கேட்டேன். "அபராதம்னா இங்கேயே சொல்லிடுங்கோ. கேஸ் மட்டும் வேண்டாம். கோர்ட்டுக்குப் போனா சம்பந்தி முன்னாலேயே நிக்கணும். பொண்ணு வாழ்க்கை போயிடும்."

ஊரையே நடுங்க வைக்கும் மனிதர் என்னைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தார். எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை, இன்னும் பயமாகிவிட்டது. இவரே நடுங்கினால் நான் யாரை நம்புவது?

போலீஸ்காரர் ஜாக்கெட்டை ஒழுங்காக மடித்துப் பையில் வைத்தார். நல்ல மனிதர்தான். குனிந்து இரண்டு சக்கரத்திலும் வால்வைப் பிடுங்கினார். அந்த நாளில் டபுள்ஸுக்குக் கேஸ் போட மனசில்லாதவர்கள் கொடுக்கும் தண்டனை அது. காற்று சீறிக்கொண்டு போனது. "தள்ளிக்கினு போங்கோ. ஆமா, அத்தினி ரோடு கீது, ஏன் நைனா என் மேடையாண்ட வந்தே?"

"எனக்கு இறங்கத் தெரியாது சார்" என்றேன். இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது?

போலீஸ்காரர் கோதண்டராமனைப் பார்த்தார். "எறங்கத் தெரியாதவன் பின்னாடியா குந்திக்கினு வந்தே சாமி?" பாண்டி பஜாரில் தான் கடந்து வந்த ஒவ்வொரு இடத்தையும் கோதண்டராமன் மனசுக்குள் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. பக்கத்தில் இருந்த குடைக்கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அங்கிருந்து மயிலாப்பூர்வரை இருவரும் நடந்தோம். நான் வண்டியைத் தள்ளினேன், அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வேகவேகமாக வந்தார். ஆழ்வார்பேட்டை தாண்டியதும், "நெஜமாவே தெரியாதா?" என்று கேட்டார். தெரியாது சார் என்றேன். மயிலாப்பூர்க் கோயில் குளம் கண்ணில் பட்டபோது, "இதை ஆபீஸ்ல யார்கிட்டேயும் சொல்லாதே" என்றார். நான் இறங்கத் தெரியாதவன் என்பதைத்தான் சொல்கிறார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அவர் வீட்டு வாசலில் மாமி கையைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தாள். பையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். மாப்பிள்ளை வீட்டார் இன்னும் வரவில்லை. பஸ் ஓடாத ஊரில் அவர்கள் மட்டும் பறந்தா வருவார்கள்? நாங்கள் பட்ட அவ்வளவு அவஸ்தையிலும் இது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

அடுத்த நாலைந்து நாள் நான் அவர் அறைப் பக்கமே போகவில்லை. அவரும் என்னைப் பார்த்தால் மேஜையில் எதையோ தேடினார். பிறகு ஒருநாள் உத்தரவு வந்தது. என்னை நிரந்தரம் செய்திருந்தார். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று காரணம் சொல்லி, உள்ளேயே உட்கார்ந்து எழுதும் வேலைக்கும் மாற்றியிருந்தார். (என் கையெழுத்தைப் படித்துவிட்டு அப்பா ஒருமுறை டாக்டரிடம் கூட்டிப்போவதா என்று கேட்டிருக்கிறார்.) யாரிடமும் சொல்லாதே என்று அவர் சொன்னது, என்னை 'யாரோ' என்று கைவிட்டதைத்தான் என்பது அன்றைக்குப் புரிந்தது. நான் ஆபீசில் மூச்சு விடவில்லை. கல்யாணமான பிறகு என் மனைவியிடம் மட்டும் ஒரு வரி விடாமல் சொன்னேன்.

கோதண்டராமன் ஓய்வு பெற்று, காலமாகி, வருஷங்கள் ஓடிவிட்டன. சமீபத்தில் நங்கநல்லூரில் ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு திரும்பினேன். நரைத்த தலையோடு ஒரு பெண்மணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க பம்ப் செட் கம்பெனி பரமசிவம் மாமாதானே? பந்தியில உங்க பேரைச் சொன்னா. நான் கோதண்டராமன் பொண்ணு."

அந்தப் பச்சை ஜாக்கெட்காரி. நான் கும்பிடுவதற்குள் அவர் பிள்ளை, மருமகள், பேரன் பேத்தி எல்லோரையும் அழைத்துவிட்டார். "நம்மாத்துல எப்பவும் சொல்லிண்டிருப்போமே, அந்த மாமா இவர்தான். தேனாம்பேட்டை நடு ரோட்டுல போலீஸ்காரன்கிட்ட எங்கப்பாவைக் காட்டி, 'எனக்குத் தெரியாது, யாரோ'ன்னு சொன்னாரே."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாள் தொடர்ந்தார். "அப்பா கோபமே படலே மாமா. பாவம், சின்னப் பையன், பயந்துட்டான்னு சொல்லுவார். அதனாலதான் உங்களுக்கு வேலையை உறுதி பண்ணினேன்னு கடைசி வரைக்கும் சொல்லிண்டிருந்தார்."

பக்கத்தில் என் மனைவி வாயைத் திறந்தாள். நான் அவசரமாக, "ஆமாம்மா, நான்தான். ரொம்பப் பயமா இருந்ததும்மா" என்றேன். அந்த அம்மாள் என் கையைத் தொட்டு, "பரவால்ல மாமா" என்று மன்னித்தார்.

திரும்பும்போது ஆட்டோவில் மனைவி பிடித்துக்கொண்டாள். "ஏங்க உண்மையைச் சொல்லல? அந்த மனுஷன் தலைகீழா மாத்திச் சொல்லிவச்சிருக்காரு."

"நான் சொன்னா அவர் என்ன நினைப்பாரு?"

"எவரு?"

"சூப்பரின்டெண்ட்."

அதிலிருந்து எங்கள் வீட்டில் எனக்கு நிம்மதி இல்லை. இன்னொரு தோசை போடவா என்று கேட்கும்போது நான் கொஞ்சம் தயங்கினால் போதும். "போட்டுக்கோங்கப்பா, சூப்பரின்டெண்ட் ஒண்ணும் சொல்லமாட்டாரு" என்கிறாள் என் மகள்.